யார் வாய்க்கு யார் சம்மதம்

பல்லுக்காரர் பட்டறைக்கு போர்டு கிடையாது. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் பச்சைக் கதவைக் கை காட்டுவார்கள். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால் ஏதோ ரிப்பேர் கடை என்பார்கள். ரிப்பேர்தான். பல் போனவர்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பது. மேல் வரிசை, கீழ் வரிசை, ஒற்றைப் பல், கடைவாய், எதைக் கேட்டாலும் செய்வார். யாருக்குச் செய்தார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

பல் எல்லோருக்கும்தான் போகிறது. இருந்தாலும் தனக்குப் பல்செட் என்று தானாகச் சொல்லிக்கொள்கிற மனிதனை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. மூட்டுவலியைச் சொல்வார்கள். மூலத்தைக்கூட விலாவாரியாகச் சொல்வார்கள். பல்செட் என்றால் மட்டும் கமுக்கம். அதனால் அவர் தொழிலில் பாதி பல் செய்வது, மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டிருப்பது. இரண்டாவது பாதிக்குத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்பது அவர் கணக்கு. பல் எவன் வேண்டுமானாலும் செய்வான்.

முன்கதவால் வருகிறவர் பின்கதவால் சந்துக்குள் இறங்கிப் போய்விடலாம். பிளாஸ்டர் அச்சுகளில் பெயர் இருக்காது, நம்பர் இருக்கும். எந்த நம்பர் யார் வாய் என்பது அவர் மண்டைக்குள் மட்டும். அவருடைய மகள் உள் அறையில் அவரோடுதான் வேலை செய்தாள். மெழுகில் பல் அடுக்குவது, ரோஸ் பொடியைக் கலந்து ஈறு வார்ப்பது, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றுவது எல்லாம் அவள் கை. சும்மா சொல்லக்கூடாது, அவரைவிட நன்றாகவே செய்தாள். ஆனால் அவள் ஒரு வாடிக்கையாளர் முகத்தையும் பார்த்ததில்லை. முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவில் கனமான திரை. அதைத் தாண்டி அவள் வரக்கூடாது என்பது சட்டம். பெற்ற மகளை நம்பாதவரா என்று கேட்டால், அவர் யாரையும் நம்பாதவர். அதில் பாரபட்சம் காட்ட மாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே தலைவலி முன் அறை பெஞ்சு. தனியாக வருகிறவருக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால்தான் வினை. இவர் அவர் வாயைப் பார்ப்பார், அவர் இவர் வாயைப் பார்ப்பார், இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள். பேப்பர் வாங்கிப் போட்டார். இரண்டு பேர் ஒரே பக்கத்துக்கு அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு பலகை வைத்துத் தடுத்தார். பலகைக்கு அந்தப் பக்கம் யார் என்று எட்டிப் பார்த்தார்கள். மனிதன் புத்தி அப்படி.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. பஸ் முழுக்க ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தனை தலையும் போனுக்குள் கவிழ்ந்து கிடந்தது. பல்லுக்காரர் இறங்கின கையோடு போய் இன்டர்நெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு அதில் ஒரு உபயோகமும் இல்லை. அவர் போனில் பேசுவார், பேசி முடித்தால் வைப்பார், அவ்வளவுதான். பெஞ்சில் இருப்பவர்கள் தலை கவிழ்ந்திருக்க வேண்டும். அதற்காக வாங்கினது.

லைன் இழுக்க வந்த ஆள் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே, விருப்ப விளம்பரத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குச் சம்மதித்தால் மாதக் கட்டணம் குறையும் என்றான். போனை நீட்டினான். பல்லுக்காரர் கை இரண்டும் பிளாஸ்டர். இந்த லைனில் என்ன பார்க்கிறீர்கள் என்று கம்பெனி கவனித்து, அதற்குத் தகுந்த விளம்பரம் காட்டும், வேறு ஒன்றுமில்லை என்றான் அவன். எனக்கு எதைக் காட்டினால் என்ன, நானா பார்க்கப் போகிறேன் என்று நினைத்தார் பல்லுக்காரர். சுண்டுவிரல் ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. அதால் சம்மதத்தை அமுக்கினார்.

பலன் கைமேல் கிடைத்தது. பெஞ்சு நிறைந்தது. எதிர் எதிராக நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் அத்தனை பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. வந்ததும் வராததுமாகச் சுவரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டு போனுக்குள் இறங்கிவிட்டார்கள். பல்லுக்காரர் திரை இடுக்கு வழியாகப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

இதெல்லாம் கொஞ்ச காலம். பிறகு பெஞ்சு மறுபடி காலியாக ஆரம்பித்தது.

முதலில் புது ஆட்கள் குறைந்தார்கள். பிறகு அளவு கொடுத்தவர்கள் மெழுகில் பொருத்திப் பார்க்க வரவில்லை. முடிந்து தயாரான செட்டுகள் தண்ணீர்க் கிண்ணத்தில் சிரித்தபடி கிடந்தன, வாங்க ஆள் இல்லை. தெருவில் எதிர்ப்பட்ட பழைய வாடிக்கையாளர் ஒருவர் இவரைக் கண்டதும் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குத் தாவினார். பல்லுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு எவனாவது புதிதாகக் கடை போட்டிருக்கிறானா என்று நாலு தெரு சுற்றிப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை.

ஒரு மத்தியானம் ஏலக்காரர் பின்கதவால் வந்தார். மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் மார்க்கெட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கேட்கும். மேலும் கீழுமாக முழு செட், பல்லுக்காரரே கட்டினது. வந்தவர் உட்காரவில்லை. வாயிலிருந்து இரண்டு வரிசையையும் கழற்றினார், கைக்குட்டையில் சுற்றினார், மேஜைமேல் வைத்தார். அதற்கப்புறம்தான் பேசினார். வார்த்தையோடு காற்றும் சேர்ந்து வந்தது.

"இந்தா, நீயே வெச்சுக்கோ. உன் பல்லும் வேணாம், உன் சகவாசமும் வேணாம்."

அண்ணே என்று கூப்பிடுகிற மனிதர் நீ என்கிறார். பல்லுக்காரர் தேய்த்துக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஏலக்காரருக்கு முதல் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். இப்போதுதான் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவை இரண்டாவதாகக் கட்டியிருந்தார். அந்த அம்மாவுக்கும் இது இரண்டாவது. ஐம்பதைத் தாண்டின இரண்டு பேர், புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு உண்டான வெட்கத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பல்செட் கதையை அவர் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. தூங்கும்போதுகூட கழற்றுவதில்லை. ஈறு புண்ணாகிப் போனாலும் பரவாயில்லை என்று இருந்தார். இப்படி இருக்கையில் வீட்டு டிவியில் ஒரு கிழவன் ஆப்பிளைக் கடித்துச் சிரிக்கிற விளம்பரம் வந்தது. பல்செட் வழுக்காமல் பிடிக்கிற பசை. அடுத்து பல்செட் ஊறப்போடுகிற டப்பா. அடுத்து மாத்திரை. எந்தச் சேனலுக்குப் போனாலும் அந்தக் கிழவன் பின்னாலேயே வந்தான். மனைவியின் போனிலும் வந்தான். ஊரிலிருந்து வந்த மனைவியின் அக்கா, உங்க வீட்டு டிவி ஏன் எப்பப் பார்த்தாலும் பல்லைப் பத்தியே பேசுது, இங்க யாருக்குப் பல்லு இல்ல என்று சிரித்திருக்கிறாள்.

"என் சம்சாரம் சிரிக்கலண்ணே," என்றார் ஏலக்காரர். கோபத்திலும் பழைய அண்ணே வந்துவிட்டது. "அவ என் வாயைப் பாத்தா. நான் அப்படியே எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். எனக்குப் பல்செட்டுன்னு இந்த ஒலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல."

பல்லுக்காரர் தன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தார். டிவிக்காரனிடம் போய்ச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா என்றார். ஏலக்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம், உங்கள் ஆட்கள் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது, இனி என் வாயை உங்களிடம் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உதடு உள்ளே மடிந்த வாயோடு சந்தில் இறங்கிப் போனார். மார்க்கெட்டில் நாளைக்கு எப்படிக் கூவுவார் என்ற யோசனைகூட அவருக்கு இல்லை.

உங்கள் ஆட்கள் என்ற சொல் பல்லுக்காரர் மண்டையில் தைத்துக்கொண்டது. அவருக்கு ஆட்கள் என்று யார் இருக்கிறார்கள்? திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்திதான். நம்பாதவர் புத்தி எங்கே போகும், நேரே அங்கேதான் போயிற்று. திரையை விலக்கிக்கொண்டு போய், யாரிடம் என்ன உளறினாய் என்று கேட்டார்.

மகள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எனக்கு நம்பர்தாம்ப்பா தெரியும். மூஞ்சி தெரியாது. யாரோட பல்லுன்னே தெரியாதவ யார்கிட்டப் போய் என்னத்தச் சொல்றது? ஆறு வருஷமா வாய் இல்லாத பல்லுதான் செய்யறேன். அந்தாளு சிரிச்சா எப்படி இருப்பாரு, பேசும்போது உதடு எங்க நிக்குதுன்னு ஒரு தடவை பாத்தா எவ்வளவோ நல்லா செய்வேன். அதையே நான் கேக்கல. நீங்க இதைக் கேக்கறீங்க."

சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாடிக்குப் போய்விட்டாள். அவர்கள் வீடு பட்டறைக்கு மேலேதான். இருந்தாலும் அந்தப் படிக்கட்டு அன்றைக்கு அவருக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. ஏறிப் போகவில்லை. காலி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவள் சொன்னதில் பொய் இல்லை. அது தெரிந்தும் அப்படிக் கேட்டுவிட்டார். இனி எப்படி வாபஸ் வாங்குவது என்று தெரியாமல் பிளாஸ்டர் ஒட்டின நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் காலி கிளாஸை எடுக்க வந்தார். அவர் பல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பத்திரண்டும் சோளக்கொண்டையில் முத்து அடுக்கினது மாதிரி இருக்கும். சோடா மூடியைப் பல்லால்தான் திறப்பார். பல்லுக்காரர் அந்த வாயை எப்போது பார்த்தாலும் பொறாமையோடுதான் பார்ப்பார், நமக்கு இங்கே ஒரு வேலையும் வராது என்று. வியாபாரம் மந்தமான நேரத்தில் டீக்கடைக்காரர் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஓசி இன்டர்நெட்டில் படம் பார்ப்பது வழக்கம்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். "பெரியவரே, என் வீட்டு டிவி எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடுச்சுன்னு முடிவு பண்ணிடுச்சு. எப்பப் பாரு பல்செட்டு பசை, பல்செட்டு டப்பா. என் சம்சாரம் என்னைத் தாத்தான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. உங்க பெஞ்சுல உக்காந்த தோஷமோ என்னமோ."

அவர் கிண்டலுக்குச் சொன்னார். பல்லுக்காரர் எடுத்து நீட்டின காலி கிளாஸ் பாதி வழியிலேயே நின்றது. எந்தக் கிழவன், ஆப்பிள் கடிக்கிறானே அவனா என்று கேட்டார். அவனேதான் என்றார் டீக்கடைக்காரர். பல்லுக்காரர் வீட்டு டிவியிலும் அந்தக் கிழவன் வருவான். மேலே சாப்பிட உட்காரும்போதெல்லாம் வருவான். ஆனால் அப்பாவும் மகளும் நாள் முழுக்கப் பல்லோடு புழங்குகிறவர்கள். டிவியில் பல் வந்தால் அவர்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. சமையல்காரன் வீட்டில் அடுப்பு விளம்பரம் வந்த மாதிரி பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்கள்.

பல்லுக்காரர் படி ஏறினார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நான் சொன்னது தப்பு என்றார். அவள் திரும்பவில்லை. டீக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னார். அதற்குத் திரும்பினாள். கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் ஆர்வம் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. அவருடைய போனை வாங்கி, லைன் கொடுத்த கம்பெனியின் பக்கத்துக்குள் போய் எதையெதையோ திறந்தாள். பிறகு அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

இந்த லைனில்தான் அவள் பல் சாமான் எல்லாம் ஆர்டர் போடுகிறாள். அதனால் இது பல்லுக்காக அலைகிற லைன் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. பெஞ்சில் வந்து உட்காருகிறவர் போனும் இதே லைனில் சேருகிறது. அந்தப் போன் சாயங்காலம் அவர் வீட்டு லைனில் சேருகிறது. இரண்டும் ஒரே கம்பெனி. பகலில் பல்லுக்காரர் வீட்டில் இருந்தவர்தான் இவர் என்று கம்பெனிக்குத் தெரியும். உடனே கிழவனையும் ஆப்பிளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

"நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்கப்பா," என்றாள். "இதோ, தேதியோட இருக்கு."

பல்லுக்காரர் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார்.

பெஞ்சு ஏன் காலியானது என்பது அப்போது விளங்கியது. ஏலக்காரர் ஒருவர்தான் வந்து சண்டை போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் தன்னை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, வெளியே சொல்லவும் முடியாமல், வராமலேயே நின்றுவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தே பெயர் வாங்கினவர் அவர். அந்தப் பெயர் அத்தனை வீட்டு டிவியிலும் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கம்பெனி ஆபீஸுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிர், டோக்கன் கொடுக்கிற மெஷின். கவுண்டரில் மகள் வயதில் ஒரு பெண் இருந்தாள். பல்லுக்காரர் டோக்கனை நீட்டிவிட்டு நேராகக் கேட்டார், நான் எதற்குச் சரி சொன்னேன், காட்டு. அந்தப் பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. மகள் படித்தாள். விளம்பரத்துக்காகக் கவனிக்கலாம், லைனில் சேருகிற எல்லா சாதனங்களையும் கவனிக்கலாம் என்று இருந்தது.

"லைன் உங்க பேர்ல இருக்குங்கய்யா," என்றாள் கவுண்டர் பெண். "நீங்க சரின்னா அந்த லைன்ல வர்ற எல்லாத்துக்கும் சரின்னு அர்த்தம்."

"என் வாய்க்கு நான் சரி சொல்லலாம்மா. பெஞ்சுல உக்காந்தவன் வாய்க்கு நான் எப்படிச் சொல்ல முடியும்? அவனை யாரு கேட்டது?"

அந்தப் பெண் பக்கத்துக் கவுண்டரைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்கவில்லை என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. அப்படியானால் இது உனக்குச் சரியாகப் படுகிறதா என்று பல்லுக்காரர் விடவில்லை. தன் வீட்டு லைனில் இதைத் தான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றார் இவர். கேட்கிறவர்களுக்குத்தான் சொல்லலாம் என்று உத்தரவு என்றாள் அவள். பல்லுக்காரருக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, இக்கட்டான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்.

நிறுத்தினார்கள். இதுவரைக்கும் சேர்த்ததை அழிக்கச் சொல்லவும் ஒரு இடம் இருந்தது, ஏழு பக்கம் தாண்டி. அதையும் அமுக்கினார்கள். கட்டணம் பழையபடி ஏறும் என்றாள் அந்தப் பெண். ஏறட்டும் என்றார். ஆனால் ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. வாடிக்கையாளர்கள் வீடுகளில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட கிழவனை இங்கிருந்து கூப்பிட முடியாது. அவரவர் லைனில் அவரவர்தான் நிறுத்த வேண்டும். மகள் எல்லாவற்றையும் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பல்லுக்காரர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். அத்தனை பேருக்கும் இதை எப்படித் தெரிவிப்பது? வீடு தேடிப் போனால், பல்லுக்காரர் ஏன் வந்தார் என்று வீட்டில் கேட்பார்கள். போன் போட்டால் வேறு யாராவது எடுப்பார்கள். கதவில் எழுதி ஒட்டினால் அதை நின்று படிக்கிறவன் மாட்டிக்கொள்வான். காப்பாற்றப் போனாலே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

டீக்கடைக்காரரை விட்டுச் சொல்ல வைக்கலாமே என்றாள் மகள். டீக்கடைக்காரரிடம் விஷயம் போனால் அது தண்டோரா போட்ட மாதிரி. வேண்டவே வேண்டாம் என்றார் பல்லுக்காரர். ஆனால் அவர் சொல்லப்போவது அவர் கதையைத்தானே என்றாள் அவள். யோசித்துப் பார்த்தார். அதில் நியாயம் இருந்தது. போய் நடந்ததைச் சொல்லி, உங்கள் வீட்டுச் சங்கதியை நாலு பேரிடம் சொல்ல உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். தன்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது டீக்கடைக்காரர் முழித்த முழியிலேயே தெரிந்தது. நாலு பேர் என்ன, நாற்பது பேரிடம் சொல்கிறேன் என்றார்.

சொன்னார். டீ ஆற்றும்போதெல்லாம் சொன்னார். முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சொன்னார். எதிரே இருக்கிற ஓசி இன்டர்நெட்டைத் தொட்டால் வீட்டில் பல்செட் விளம்பரம் வரும், என் மாமியார் எனக்கு இப்போதெல்லாம் கஞ்சிதான் வைக்கிறார் என்று அவர் சொல்லச் சொல்ல, தெரு சிரித்தது. எங்கள் வீட்டிலும் வருகிறது என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் எவருக்குப் பல் உண்டு, எவருக்கு இல்லை என்று இனி எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. டீக்கடை ஓரமாக நின்று குடித்த ஒருவர், நடைபாதை தாண்டி ஓடினாரே அவர், கிளாஸை வைத்துவிட்டுப் பச்சைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். தப்பாக நினைத்துவிட்டோமே என்கிற பார்வை.

ஏலக்காரருக்கு அது போதாது என்று பல்லுக்காரருக்குத் தெரியும். கைக்குட்டையில் சுற்றின செட்டை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். அங்கே ஏலம் சுரத்தில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வேறு யாரோ கூவினார்கள். ஏலக்காரர் மூட்டைகளுக்குப் பின்னால் துண்டால் வாயை மூடிக்கொண்டு, பல்வலி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லாத பல்லுக்கு வலி.

பல்லுக்காரர் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தான் பெஞ்சுக்கு இன்டர்நெட் வாங்கினது, சுண்டுவிரலால் அமுக்கினது, கவுண்டர் பெண் சொன்னது எல்லாம். "நான் வாயால சொல்லல. ஆனா என் கையால போயிருக்கு. உங்களைக் கேக்காம உங்களுக்கும் சேத்து நான் சம்மதம் சொல்லியிருக்கேன். அது என் தப்பு." பிறகு அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்கிறது என்றார். டீக்கடைக்காரர் வீட்டிலும் வருகிறது, அவருக்கு முழுப் பல், நானும் அங்கே டீ குடிக்கும்போது அந்த ஓசி இன்டர்நெட்டைத் தொட்டேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ஏலக்காரர் துண்டுக்குள் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்து, கைக்குட்டையைப் பிரித்து, அந்தப் பக்கம் திரும்பிப் பல்லைப் போட்டுக்கொண்டார்.

"நல்ல பதில்தாண்ணே. ஆனா வேணாம். டிவி சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லியிருக்கணும். இப்பவாவது நானே சொல்றேன்."

எழுந்து போய் ஏலப் பலகைமேல் ஏறினார். அடுத்த நிமிஷம் அந்தக் குரல் மார்க்கெட்டை நிறைத்தது. பல்லுக்காரர் கடைசி மூட்டை போகும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் ஏலக்காரர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லையாம். பல் பொய் என்பதற்காக இல்லை. டிவிப் பொட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்றுதான். மூன்றாம் நாள், தூங்கும்போது கழற்றி வையுங்கள், ஈறு வலியில் நீங்கள் முனகுகிற சத்தத்தில் எனக்குத் தூக்கமே இல்லை என்றாராம். இதை ஏலக்காரரே வந்து சொன்னார். முன்கதவால் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவர் காதில் விழும்படியாகச் சொன்னார். அது அவர் இஷ்டம்.

ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவரவர் வீட்டு லைனில் விளம்பரக் கவனிப்பை நிறுத்துவது எப்படி என்று காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது மகளுக்குத்தான் தெரியும். மகளோ திரைக்கு அந்தப் பக்கம். பல்லுக்காரர் ஒரு காலை முழுக்கத் திரைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், முன் அறைக்கு வருகிறாயா என்று மகளைக் கேட்டார். உங்களுக்குச் சம்மதமா என்று அவள் கேட்டாள். அது தன்னிடம் கேட்கிற விஷயம் இல்லை, அவர்களிடம் கேட்க வேண்டியது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் குனிந்து கேட்டார். என் மகள் வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பாள், இந்தப் பல் உங்களுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், வரலாமா வேண்டாமா, வேண்டாம் என்றாலும் பல் பல்தான். ஏலக்காரர் அவர் கேட்டு முடிக்குமுன்பே வரச் சொன்னார். இன்னொருவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். போனை வாங்குவதற்கு முன்னால் ஏலக்காரரின் வாயைப் பார்த்தாள். ஏதாவது பேசச் சொன்னாள். அவர் தக்காளி ஏலம் கூவினார். மேல் வரிசை இடது பக்கம் ஒரு நூல் உயரம் ஜாஸ்தி, அதான் சத்தம் வருகிறது, என் தப்புதான் என்றாள்.

பெஞ்சின் ஓரத்தில், முன்பு வந்து அளவு கொடுக்காமலேயே நின்றுபோன ஒரு அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டபோது வேண்டாம் என்றார். பல்லுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்களை அனுப்பின பிறகு மகளை உள்ளே போகச் சொல்லி, திரையை இழுத்துவிட்டார். மகள் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், முதலில் எதைத் திறக்க வேண்டும், அடுத்து எங்கே அமுக்க வேண்டும், சம்மதம் என்று வருகிற இடத்தில் எதை எடுத்துவிட வேண்டும் என்று. அந்த அம்மா இங்கே தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தானே அமுக்கினார். இரண்டு தடவை தப்பாகப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். திரை அசையவே இல்லை.

முடிந்ததும் அந்த அம்மா உள்ளே பார்த்து, சரியாயிடுச்சும்மா என்றார். அளவு எப்போது கொடுக்கலாம் என்று பல்லுக்காரரைக் கேட்டார்.